புட்டுவுக்கு ராத்திரி பூரா அரிப்பு: மீன் எண்ணெய் மாத்திரை எத்தனை நாளில் கேட்கும்?

தையல்கார அக்கா, கடலூர் | பிப்ரவரி 3

வணக்கம். திருப்பாப்புலியூர்ல வீட்டு முன்ரூம்லயே ப்ளவுஸ் தைக்கிறேன். எங்க புட்டு பொமரேனியன், ஆண், நாலு வயசு, 5 கிலோ 800 கிராம். வெள்ளை வெளேர்னு இருந்ததால அந்தப் பேரு. இப்ப வால் ஆரம்பிக்கிற இடத்துல முடி கொட்டி, யாரோ பிட்டுத் தின்ன புட்டு மாதிரிதான் இருக்கான்.

தீபாவளி மழையில ஆரம்பிச்சது. ராத்திரி ஒரு மணிக்கு சொறிய ஆரம்பிச்சா பின்னங்கால் மிஷின் ஸ்டாண்டுல பட்டு டங்கு டங்குன்னு சத்தம். பக்கத்து வீட்டம்மா, "நடுராத்திரியிலயுமா தைக்கிற, உடம்பு என்னத்துக்கு ஆகும்"னு கேட்டாங்க. பாதத்தையும் நக்கி நக்கி விரலிடுக்கெல்லாம் டீக்கறை மாதிரி ஆயிடுச்சு.

டாக்டர் ஒரு ஊசி போட்டாரு. பத்து நாள் நிம்மதி, திரும்பவும் அதே கதை. அது ஸ்டீராய்டு, அடிக்கடி போடக்கூடாதுன்னு பெரியவன் சொன்னான். அதனால சப்ளிமெண்ட் பக்கம் வந்துட்டோம். மெடிக்கல்ல மஞ்சள் மாத்திரை, மீன் ஈரல் எண்ணெயாம், தினம் ஒண்ணு. சின்னவனோட வைட்டமின் சிரப்பு அரை ஸ்பூன். மேலுக்குத் தேங்காய் எண்ணெய். இன்னியோட 18 நாள், 1,140 ரூபாய். அரிப்பு குறையல, எண்ணெய்ல நூல்பிசிறு ஒட்டி அவன் பஞ்சு மூட்டை மாதிரி திரியிறான்.

எந்த சப்ளிமெண்ட் உண்மையிலேயே கேட்கும்? எத்தனை நாள் பொறுக்கணும்? மாத்திரைக்குப் பதிலா மத்தி மீனே போடலாமா?


லாஸ்பேட்டை டாஷண்ட் | பிப்ரவரி 3

அக்கா, அந்த மஞ்சள் மாத்திரையையும் சிரப்பையும் முதல்ல நிறுத்துங்க. மீன் எண்ணெய் வேற, மீன் ஈரல் எண்ணெய் வேற. ஈரல் எண்ணெய்ல வைட்டமின் ஏ, டி ரெண்டும் நிறைய. சிரப்புலயும் அதே ரெண்டு இருக்கும். ரெண்டும் உடம்புல தங்கிப் போற வைட்டமின். ஆறு கிலோகூட இல்லாத நாய்க்கு டி அதிகமானா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னியைத் தொடும். பயப்பட வேணாம், ஆனா 18 நாள் குடுத்ததை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. நானும் இதே தப்பைப் பண்ணவன்தான், அதனாலதான் இவ்வளவு படபடப்பு.

அரிப்புக்கு வேலை செய்யறது இபிஏ, டிஹெச்ஏன்னு ரெண்டு ஒமேகா 3 கொழுப்பு. டப்பா முன்னாடி '1000 மி.கி.'ன்னு பெருசா போட்டிருப்பான், அது மொத்த எண்ணெய்க் கணக்கு. பின்னாடி திருப்பிப் பாருங்க. சாதாரண மாத்திரையில இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 தான் இருக்கும். புட்டு எடைக்கு எவ்வளவுன்னு அந்த 300-ஐச் சொல்லித்தான் டாக்டர்கிட்ட கேட்கணும்.

பொறுமைதான் பெரிய விஷயம். எட்டுலேர்ந்து பன்னிரண்டு வாரம் ஆகும். எங்க நாய் பீரங்கிக்கு ஆறாவது வாரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியல. அப்புறமும் அரிப்பு நிக்கல, அரிப்புக்கு டாக்டர் குடுத்த மருந்தோட அளவைக் குறைக்க முடிஞ்சது, அவ்வளவுதான். ஆரம்பத்துல வயிறு இளகும், பாதி அளவுலேர்ந்து போங்க.


முதுநகர் பெரியவர் | பிப்ரவரி 4

டப்பாவைத் திருப்பிப் படிக்கிற காலம் வந்துடுச்சு. ஏம்மா, துறைமுகத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு மீன் எண்ணெயை மருந்துக்கடையில வாங்குற ஒரே ஆள் நீதான். காலையில வந்தா மத்தி கிடைக்கும். உப்பு, மஞ்சத்தூள், புளி எதுவும் போடாம வெறுந்தண்ணியில வேகவை. நடுமுள்ளை உருவிட்டு, உன் நாய் சைசுக்குப் பாதி மீன், வாரம் ரெண்டு தடவை போதும். பொரிச்சுப் போடாதே.

எங்க வீட்டுல வளர்ந்ததெல்லாம் நாட்டு நாய். பூச்சி வந்தா பூண்டு அரைச்சு சோத்துல பிசைஞ்சு வைப்போம், வேப்பெண்ணெய் தடவுவோம். எதுவும் சாகல.


வெட் அசிஸ்டென்ட், புதுவை | பிப்ரவரி 4

ஐயா, மத்தி பத்திச் சொன்னது சரி. பூண்டு மட்டும் வேணாம். வெங்காயம், பூண்டு ரெண்டுமே நாயோட சிவப்பணுவை உடைக்கும். 20 கிலோ நாட்டு நாய் தாங்கினது பொமரேனியனுக்கு ஆகாது. வேப்பெண்ணெயை நக்கினா வாந்தி எடுக்கும், இவன் நக்காம இருக்கப் போறதில்லை.

அக்கா, நான் டாக்டர் இல்ல, கிளினிக்ல பிடிச்சுக்கிற ஆள். பதினோரு வருஷமா அரிக்கிற நாய்ங்களைப் பிடிச்ச அனுபவத்துல கேட்கிறேன்: மீன் எண்ணெய்க்கு முன்னாடி, எங்க அரிக்குதுன்னு பார்த்தீங்களா? வாலடியில முடி போயிருக்குன்னா எனக்கு முதல் சந்தேகம் தெள்ளு. உண்ணி வேற, தெள்ளு வேற. உண்ணி ஒட்டிக்கிட்டுக் கண்ணுக்குத் தெரியும். தெள்ளு குதிச்சு ஓடிடும். அதோட எச்சில் ஒத்துக்காத நாய்க்கு ஒண்ணு ரெண்டு கடிச்சாலே போதும், நாள் கணக்குல அரிக்கும். அதனால "எங்க நாய்மேல பூச்சியே இல்லையே"ன்னு எல்லாரும் சொல்வாங்க.

பேன்சீப்பால வாலடியை வாருங்க. கறுப்புப் பொடி விழுந்தா ஈரமான வெள்ளை டிஷ்யூல தட்டுங்க. மண்ணுன்னா கறுப்பாவே இருக்கும். தெள்ளு கழிவுன்னா செம்பழுப்பாக் கரையும், அது உங்க நாயோட ரத்தம்தான்.

பாதம் நக்கறது தனிக் கதையா இருக்கலாம். பாதம், காது, அக்குள், அடிவயிறு அரிச்சா பொதுவா காத்துல வர்ற தூசி, மகரந்த அலர்ஜி இல்ல சாப்பாட்டு அலர்ஜி. அதோட ஊசிப்போன எண்ணெய் வாடை அடிச்சா ஈஸ்ட் பூஞ்சை. நம்ம கடலோரப் புழுக்கத்துல அது சகஜம். அதுக்கு டாக்டர் சொல்ற ஷாம்பூ போட்டு, பத்து நிமிஷம் கடிகாரம் பார்த்து ஊறவிடணும். நம்ம ஊர்ல யாரும் ஊறவிடறதில்லை, ஷாம்பூ கேட்கலைன்னு வந்து நிப்பாங்க.

சாப்பாட்டைச் சோதிக்கணும்னா இதுவரைக்கும் சாப்பிடாத ஒரே வகைக் கறி, எட்டு வாரம். அந்த எட்டு வாரம் பொறையும் கிடையாது, பாலும் கிடையாது. சுவைக்குக் கோழி சேர்த்த சப்ளிமெண்ட் மாத்திரை ஒண்ணு போதும், மொத்தச் சோதனையும் வீண்.

மனுஷங்க சாப்பிடற மிட்டாய் மாதிரி வைட்டமின் பக்கமே போகாதீங்க. சிலதுல சைலிட்டால்னு சர்க்கரைக்குப் பதிலாப் போடற இனிப்பு இருக்கும், நாய்க்கு விஷம். கடலூர்ல சரியாகலைன்னா இங்க குருமாம்பேட் கால்நடைக் கல்லூரிக்குக் கூட்டிட்டு வாங்க.


தையல்கார அக்கா, கடலூர் | பிப்ரவரி 5

டிஷ்யூ சிவந்துடுச்சு. கைகால் ஓடல.

அதைவிடக் கேவலம், எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சதுதான். மிஷினுக்கு அடியில வெட்டுத்துணி போடற கோணி இருக்கு. தலையணைக்காரர் மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து எடுத்துட்டுப் போவாரு. புட்டு பகல் பூரா அதுமேலதான் தூங்குவான். தட்டிப் பார்த்தா உள்ளே பொடி உப்பு மாதிரி வெள்ளை முட்டை, மயிரிழை மாதிரி புழு. நான் மாத்திரைக்கு 1,140 ரூபாய் அழுதுக்கிட்டிருக்க, அதுங்க என் காலடியிலயே குடும்பம் நடத்தியிருக்கு. வந்திருந்த கல்யாண ப்ளவுஸ் பதினாலையும் உதறி வெயில்ல போட்டேன். கஸ்டமர்கிட்ட சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க.


வெட் அசிஸ்டென்ட், புதுவை | பிப்ரவரி 5

நல்லதா போச்சு. கோணியோட எரிச்சுடுங்க. அவன் படுக்கிற துணியை வாராவாரம் கொதிக்கிற தண்ணில போடுங்க. கூட்டுப்புழு வாரக்கணக்கா ஒளிஞ்சிருக்கும், அதனால ஒரு மாசம் மருந்து குடுத்துட்டு விடாதீங்க, குறைஞ்சது மூணு மாசம். வீட்டுல பூனை வந்துபோனா, நாய்க்கு விடற சொட்டு மருந்து அதுமேல படக்கூடாது. அதுல பெர்மெத்ரின்ங்கிற பூச்சிமருந்து இருந்தா பூனை செத்துடும்.


தையல்கார அக்கா, கடலூர் | ஏப்ரல் 27

கேட்டவங்களுக்காக எழுதறேன். தெள்ளுக்கு மாசாமாசம் மெல்லற மாத்திரை, மூணாவது போன வாரம் குடுத்தாச்சு. அரிப்புக்கு டாக்டர் ரெண்டு வாரம் மட்டும் ஒரு மாத்திரை குடுத்தாரு, ஸ்டீராய்டு இல்லன்னு கேட்டுக்கிட்டுத்தான் வாங்கினேன். சரியான மீன் எண்ணெய் பிப்ரவரி 12-லேர்ந்து, அவர் சொன்ன அளவு. நடுவுல மத்தியும்.

வாலடியில முடி வந்துடுச்சு. அது மீன் எண்ணெய் இல்ல, கோணி போனதால வந்தது. மார்ச் முதல் வாரமே பூனைமுடி மாதிரி முளைச்சிருந்துச்சு, லாஸ்பேட்டைத் தம்பி சொன்ன கணக்குக்கு அப்ப மூணு வாரம்கூட ஆகல. பாதம் நக்கறது மட்டும் பாக்கி. முன்ன ராத்திரி பூரா, இப்ப சாயந்திரம் கொஞ்ச நேரம். அதுக்கு எண்ணெய் காரணமா, ஷாம்பூ காரணமா, மழை விட்டதா, எல்லாத்தையும் ஒண்ணாச் செஞ்சதால பிரிச்சுச் சொல்ல வரல. முடி பளபளப்பு மட்டும் எண்ணெயாலதான்னு என் எண்ணம்.

பெரியவரே, 15-ஆம் தேதியிலேர்ந்து மீன்பிடித் தடை, மத்தி விலை ஏறிப்போச்சு. ஜூன் 14 வரைக்கும் அவனுக்கு மாத்திரை மட்டும்தான். தெருவுல மீன் கூடை சத்தம் கேட்டா இன்னமும் வாசலுக்கு ஓடறான்.