டின்சல் லீடுக்கு சரிகைப்புரினு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்பீக்கர் பாகங்களுக்கு தமிழ்ப் பேர் வைக்கிறதுல கூம்பு, காந்தம், ஒலிச்சுருள் வரைக்கும் ஓரளவு ஒத்துக்கிட்டோம், டின்சல் லீடுலதான், அதாவது டெர்மினல்ல இருந்து கூம்புக்கு போற பின்னல் வயர்லதான், இழுத்துக்கிட்டே இருக்கு. இதுவரைக்கும் இணைப்புக்கம்பி, நெளிகம்பி, ஜிகினாக்கம்பினு மூணு வந்திருக்கு. நான் சரிகைப்புரினு ஒண்ணு சொல்றேன், எப்படி தோணுச்சுங்கிறதையும் கொஞ்சம் நீளமாவே சொல்லிடறேன்.

வீட்ல இருக்கிற 8 இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு விட்டு விட்டு பாட ஆரம்பிச்சுது. கழட்டி மல்டிமீட்டர் வச்சா 8 ஓம் ஸ்பீக்கருக்கு காட்ட வேண்டிய 6 சொச்சம் காட்டுது, கூம்பை விரலால லேசா அமுக்கினா ரீடிங் போயிடுது, விட்டா திரும்ப வருது. அப்போ சுருள் எரியலை, டெர்மினல்ல இருந்து கூம்புக்கு அந்தரத்துல வளைஞ்சு போகுதே அந்த பின்னல் வயர், அதுதான் உள்ள அறுந்திருக்கு. சாதா வயர் ஒரு துண்டு வெட்டி சால்டர் வச்சேன், நல்லாத்தான் பாடுச்சு, நாலாம் நாள் அதுவும் பட்டுனு போயிடுச்சு. 40 ஹெர்ட்ஸ் பேஸ் வந்தா கூம்பு நிமிஷத்துக்கு 2400 தடவை முன்னும் பின்னும் போகுது, அத்தனை தடவையும் அந்த வயர் மடங்கி நிமிரணும், சாதா செம்புக் கம்பி எத்தனை நாள் தாங்கும்?

அப்புறம்தான் பழைய துண்டை எடுத்து ஊசியால பிரிச்சுப் பாத்தேன். தலைமுடி மாதிரி மெல்லிசா, தட்டையா இருக்கிற செம்பு நாடா, நடுவுல இருக்கிற நூல் மேல சுத்திச் சுத்தி போயிருக்கு, அந்த மாதிரி பல இழையை சேர்த்து பின்னியிருக்காங்க. இழுவையைத் தாங்குறது நூல், கரண்டை கொண்டு போறது செம்பு. நெருப்புல காட்டினா விளக்குத்திரி கருகுற வாசனை வருது. இது அப்படியே சரிகைதானேங்க! பட்டு நூல் மேல தட்டையாக்கின வெள்ளிக் கம்பியை சுத்தி தங்க முலாம் பூசறதுதான் சரிகை, காஞ்சிபுரம் புடவை வாங்கும்போது பெரியவங்க சரிகையை சுரண்டி உள்ள சிவப்பு நூல் தெரியுதானு பாப்பாங்களே, அதே அமைப்பு. புடவையை எத்தனை தடவை மடிச்சாலும் சரிகை சட்டுனு அறுந்துடாது, அதுக்கு காரணமும் இந்த நூல்தான்.

அதனாலதான் ஜிகினாவுக்கு நான் ஒத்துக்கலை. டின்சலுக்கு அகராதியில அதுதான் வரும், ஆனா ஜிகினானா மினுமினுப்பு மட்டும்தான், உள்ள நூல் இருக்குங்கிறது அதுல வரலை. இணைப்புக்கம்பினா வீட்ல இருக்கிற எல்லா வயரும் இணைப்புக்கம்பிதான். நெளிகம்பி பரவாயில்ல, ஆனா கம்பினு சொன்னாலே கையில விறைப்பா நிக்கிற ஒண்ணு கண்ணு முன்னாடி வருது. வடம்னா தேர் இழுக்கிற அளவுக்கு பெருசாயிடும். புரிங்கிறது கயித்துக்கு நாம சொல்றதுதான், மூணு புரி கயிறுனு, முறுக்கினதும் வருது மெல்லிசும் வருது. பழைய டெலிபோன் ரிசீவர் ஒயர்லயும் இதேதான் இருந்துச்சு, அங்கயும் பொருந்தும்.

சால்டர் பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இதுவும் பேரோட சம்பந்தப்பட்டதுதான். அயர்னை ரொம்ப நேரம் வச்சா உள்ள நூல் கருகிடும், ஈயம் புரிக்குள்ள ஏறி அந்த இடம் குச்சி மாதிரி விறைச்சு அங்கயே ஒடியும், அதனால தொட்டு எடுத்துடணும். நீளம் கொஞ்சம் தளர்வா விடணும், கூம்பு முழுசா முன்னாடி வந்தாலும் இழுக்கக் கூடாது, உள்ள போகும்போது கூம்பு மேல உரசவும் கூடாது. சரிகைனு பேர்லயே இருந்தா உள்ள நூல் இருக்குங்கிற நினைப்பு கைக்கு தானா வரும்.

ஜரிகையா சரிகையானு கேப்பீங்க, பேசும்போது எப்படி வேணா சொல்லட்டும், பட்டியல்ல சரிகைப்புரினு போடலாம்னு நினைக்கிறேன். இன்னொண்ணு, ஸ்பைடருக்கு சிலந்தினு போட்டிருக்கோம். அந்த காலத்துல கால் கால்களா வெட்டின தகடா இருந்ததால அந்த பேரு, இப்போ இருக்கிறது சுருளை நடுவுல பிடிச்சு வைக்கிற அலை அலையான துணி வட்டு. நடுத்தாங்கினு மாத்தலாமா, யாராச்சும் சொல்லுங்க.