புதுப்பிப்பு: குல்மர்க் போனேன், அபர்வத் சரிவில் இறங்கவில்லை

காஷ்மீரின் குல்மர்க்கில் கொண்டோலாவில் (கம்பிவட ஊர்தி) அபர்வத் மலைமேல் ஏறி, ரோந்துக் குழு கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே பனிச்சறுக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. சறுக்கவில்லை.

வழிகாட்டி பனியில் இடுப்பளவு பள்ளம் தோண்டிக் காட்டினார். மேலே காற்று இறுக்கிய பலகை மாதிரி பனி. அடியில் சீனி போல உதிரும் பொடி. உள்ளங்கையில் பிடித்தால் ஒட்டவே இல்லை. பலகை எவ்வளவு உறுதி என்று பார்க்க, மண்வெட்டியை மேலே வைத்து மணிக்கட்டால் தட்டினார். நாலாவது தட்டிலேயே பலகை நழுவி அவர் முழங்காலில் விழுந்தது. சரிவோ 35 பாகை. பனி பெயர்ந்து விழும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுக்குள்தான் வருமாம். சரி, திரும்பிவிட்டோம்.

பீக்கன் (உடலில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி) இருந்தால் போதும் என்ற நண்பருக்கு: அது புதைந்தவரைத் தேடத்தான். சுமார் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க ஆள் வேண்டும். எங்களிடம் இருந்ததே ஒரு மண்வெட்டி.