கடற்கரைக் குப்பைப் படங்கள்: அச்சுக்குப் போகும் முன் ஒரு சந்தேகம்

வணக்கம். அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கும் குப்பையை மாணவர்கள் கைபேசியில் படமெடுக்கிறார்கள். 20 படங்களோடு பள்ளியில் கண்காட்சி. மூன்று விஷயத்தில் உதவி வேண்டும்.

ஒரே இடத்தை வாரம் ஒருமுறை எடுக்கிறோம். முக்காலி 120 செ.மீ. உயரம், ஜூம் கிடையாது, பாலத்தின் முறிந்த முனை சட்டகத்தின் இடது ஓரத்தில். ஆனால் அலையேற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அதனால் ஒவ்வொரு வாரமும் காலை 7 மணிக்கே எடுத்தாலும் நீர்மட்டம் வேறு. குப்பை குறைந்தது கூட்டியதாலா, தண்ணீர் மூடியதாலா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 15 நாளுக்கு ஒருமுறை எடுத்தால் ஓரளவு ஒத்துவரும். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்தது ஷாம்பு சாஷே. வெயில் பட்டதும் படத்தில் வெள்ளையாக வெளிறி எழுத்தே தெரிவதில்லை. போன் கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) -0.7க்கு இறக்கினால் மணல் கறுத்துவிடுகிறது. கிளிப் போலரைசர் (லென்ஸ் மேல் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) இதற்கு உதவுமா? கிட்டப்போனதும் போன் தானாக வைட் லென்ஸுக்கு மாறுகிறதே, அப்போது என்ன செய்வது?

கடைசியாக அச்சு. 12×18 அங்குலத்துக்கு 12 மெகாபிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறோம், இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும். பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிய படத்தை பிளெக்ஸில் அடிப்பது அபத்தம். பருத்தித் துணியில் அடித்தால் சாஷேயின் பொடி எழுத்து வாசிக்கக் கிடைக்குமா? அடித்துப் பார்த்தவர்கள் ஒரு குளோஸப் போடுங்கள்.