வீட்டுப் பத்திரங்களை ஜிப் செய்து பூட்டி அனுப்ப வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வளவு வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரம், ஐயா காலத்து இசைகுடிமானம் (நகரத்தார் திருமணப் பத்திரம்), ரங்கூன் கணக்கேடுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம். பங்காளிகள் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். ஆளுக்கொரு பிரதி போக வேண்டும், வெளியார் கையில் சிக்கவும் கூடாது.

கோப்புகளைச் சுருக்கி ஒரே கோப்பாகக் கட்ட விண்டோஸிலேயே உள்ள ஜிப் வசதியில் கடவுச்சொல் வைக்க முடியாது. அதனால் இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். அதில் ஜிப் வடிவத்துக்கு ஜிப்கிரிப்டோ, ஏஇஎஸ்-256 என்று பூட்டுவதற்கு இரண்டு குறியாக்க முறைகள் வருகின்றன. முதலாவது பழையது, உடைத்துவிடலாம். சொத்துப் பத்திரத்துக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் ஜிப்பில் எதை வைத்தாலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரிகின்றன. 7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட்டில் பெயரையும் மறைக்கலாம். சரி, அப்படி அனுப்பினால் போன் மட்டும் வைத்திருக்கும் ஆச்சிமார் எப்படித் திறப்பார்கள்? ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் நீங்கள் பயன்படுத்திப் பார்த்த செயலி எது?

அப்புறம், ஸ்கேன் செய்த ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் ஜிப் செய்தும் அளவு குறையவில்லை. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. துண்டுகளாகப் பிரித்து அனுப்புவதா, எழுத்து மங்காமல் படங்களையே சிறிதாக்குவதா?

கடவுச்சொல் தொலைந்தால் ஏஇஎஸ் கோப்பை மீட்க வழியில்லை. நாலு வீட்டுக்குப் பொதுவான கடவுச்சொல்லை உங்கள் குடும்பங்களில் எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.