குளிர்காலக் கறிவேப்பிலைக்கு நாமே எல்ஈடி லைற் செய்யலாமா?

யன்னலோரம்:
வணக்கம். கனடாவில், ஸ்காபரோவில் அடுக்குமாடி வீடு, வடக்குப் பார்த்த ஒரேயொரு யன்னல். அம்மா விதை போட்டு வளர்த்துத் தந்த கறிவேப்பிலை இடுப்பளவுக்கு நிற்கிறது. கோடையில் பல்கனியில் செழிக்கும். ஒக்டோபரில் உள்ளே எடுத்தால் மார்கழிக்குள் மஞ்சளாகி, தொட்டாலே கொட்டுகிறது. கடைகளில் விற்கும் ஊதா லைற் எனக்குச் சரிவராது. செடிக்குப் பக்கத்தில்தான் மகளின் படிப்பு மேசை. எல்ஈடி ஸ்ரிப் வாங்கி நானே செய்யலாமா? எத்தனை வோற் வேண்டும்? ஊதா கட்டாயமா? சோல்டர் பண்ணத் தெரியும்.

ஈயப்பற்று:
தாராளமாகச் செய்யலாம். ஊதா கட்டாயமே இல்லை. இலை 400 முதல் 700 நானோமீற்றர் வரையான ஒளி முழுவதையும் பயன்படுத்தும், பச்சையையும் சேர்த்து. வெள்ளை எல்ஈடி என்பதே நீல எல்ஈடிக்கு மேல், நீல ஒளியில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பொஸ்பர் பூசியதுதான். நீலமும் சிவப்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 4000 கெல்வின் என்று போட்ட, மஞ்சளும் நீலமும் மிகாத நடுத்தர வெள்ளை வாங்குங்கள். மகள் படிக்கவும் உதவும், இலையின் உண்மையான நிறமும் உங்களுக்குத் தெரியும். ஊதா வெளிச்சத்தில் மஞ்சள் இலையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

என் வீட்டில் ஓடுவதைச் சொல்கிறேன். மீற்றருக்கு 14.4 வோற் எடுக்கும் 24 வோல்ற் ஸ்ரிப். சிலிக்கன் பூச்சு இல்லாததாகப் பாருங்கள், பூச்சு சூட்டைப் பிடித்து வைக்கும். 60 சென்ரிமீற்றர் துண்டுகள் ஆறு. மொத்தம் 52 வோற் அளவு வரும், 2.2 அம்பியர். பவர் சப்ளை 24 வோல்ற், 3 அம்பியர். முழுக் கொள்ளளவில் ஓட்டினால் சூடேறி ஆயுள் குறையும், அதனால்தான் இந்த இடைவெளி. ஸ்ரிப்பை அலுமினியப் பட்டையில்தான் ஒட்ட வேண்டும், பலகையில் கூடாது. பட்டையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சூட்டில் பசை இளகும், ஆகவே இரண்டு முனையிலும் பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி ஒவ்வொன்று போடுங்கள்.

ஆறு துண்டுகளையும் ஒன்றின் வாலில் ஒன்றாகத் தொடுக்க வேண்டாம். கடைசித் துண்டு மங்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வயர் இழுத்து, கூட்டலைக் கூட்டலோடும் கழித்தலைக் கழித்தலோடும் சேருங்கள். ஸ்ரிப்பின் செப்புப் புள்ளி மெல்லியது. முதலில் புள்ளியிலும் வயர் நுனியிலும் தனித்தனியே ஈயம் பூசிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். கூடுதல் நேரம் வைத்தால் புள்ளி கிளம்பிவிடும்.

வோற்றைவிட முக்கியம், இலையில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது. போனில் ஒரு லக்ஸ் மீற்றர் (விழும் வெளிச்சத்தை அளக்கும்) செயலி போட்டு, போனை இலை இருக்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். போன் துல்லியமாகக் காட்டாது, ஆனாலும் வழிகாட்டும். 15,000 லக்ஸ் வரும்வரை லைற்றைக் கீழே இறக்குங்கள். ஒரு அடிக்குள் வந்து நிற்கும். அந்த அளவில் 14 மணி நேரம் எரிந்தால் செடிக்கு நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்குப் பத்து மோல் அளவு ஒளி கிடைக்கும் (மோல் என்பது இலையில் விழும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு). நல்ல கோடைநாளில் திறந்த வெளியில் 40 மோல் தாண்டும். ஆகவே தளதளவென்று வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். குளிர்காலத்தை இலையோடு தாண்டும், அதுவே பெரிய விஷயம். இங்கே மார்கழியில் பகல் 9 மணி நேரம்தான். யாழ்ப்பாணத்தில் அப்போதும் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். அந்த மண்ணில் பிறந்த செடிக்கு இந்த இருட்டு பட்டினிதான்.

மொட்டைமாடி:
நான் மிசிசாகாவில் இருக்கிறேன், சொந்த ஊர் மதுரை. மேலே அவர் சொன்ன லைட் கணக்கு சரி. ஆனால் இலை கொட்டுவதற்கு வெளிச்சம் மட்டும் காரணம் இல்லைங்க. தொட்டி ஜன்னல் பக்கம் குளிர்ந்த தரையில் இருந்தால் வேர் சும்மா கிடக்கும். அந்த நிலையில் கோடைக்கு ஊற்றுகிற மாதிரி தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். தொட்டியை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இன்னொன்று, சிலந்திப்பேன். ஹீட்டர் ஓடுகிற வறண்ட வீட்டில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இலைக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசு நகர்ந்தால் பேன். செடியை ஷவருக்கு அடியில் நிறுத்தி இலையின் பின்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், சில நாள் விட்டுவிட்டுத் திரும்பவும்.

யன்னலோரம்:
காகிதத்தில் தட்டிப் பார்த்தேன், நகருகிறது! இன்றைக்கே கழுவுகிறேன். ஈயப்பற்று அண்ணா, 14 மணி நேரம் எரிந்தால் மின்கட்டணம் எப்படி? தண்ணீர் தெறித்தால் ஆபத்தா?

ஈயப்பற்று:
நாளுக்கு 0.7 யூனிற், மாதத்துக்கு 21 யூனிற் அளவு. ஸ்ரிப்பில் ஓடுவது 24 வோல்ற் என்பதால் அந்தப் பக்கம் பயமில்லை. பவர் சப்ளைக்குள் வருவது 120 வோல்ற், அங்கேதான் கவனம். சிஎஸ்ஏ (கனடாவின் பாதுகாப்புத் தரச்சான்று) முத்திரை உள்ள, முழுக்க மூடிய, செருகியோடு வருவதை வாங்குங்கள்; திருகு முனைகள் வெளியே தெரியும் தகரப்பெட்டி வகை, பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். சப்ளையைச் செடியைவிட உயரத்தில் சுவரில் மாட்டி, வயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. அப்புறம் ஒரு ரைமர்: காலை 7 முதல் இரவு 9 வரை. மகள் படுக்கும் நேரத்துக்கும் அது பொருந்தும்.