ஹிட்ச்காக் படத்து பட்லர்தான் காலாஸை இயக்கினாரா?

மாடிப்படி:
நேற்று ராத்திரி ‘நொட்டோரியஸ்’ (1946) மறுபடி பார்த்தேன். அதில் ஜோசப் என்ற பட்லராக வரும் அலெக்சிஸ் மினோட்டிஸ் பின்னாளில் பாடகி மரியா காலாஸை வைத்து ஆப்பரா (மேடை இசை நாடகம்) இயக்கினாராமே? நாடகக்காரருக்கு அங்கே என்ன வேலை?

பழையதட்டு:
அவரேதான். பட்லர் வேஷமெல்லாம் அவருக்கு ஊறுகாய் மாதிரி. கிரீட் தீவின் ஹானியாவில் பிறந்தவர். ஏதென்ஸ் தேசிய நாடக அரங்கில் நடித்தும் இயக்கியும் பேர் வாங்கியவர். மனைவி கத்தினா பாக்சினு ஆஸ்கர் வாங்கிய நடிகை. கிரீஸின் பழங்காலத் திறந்தவெளி அரங்கான எபிடாரஸில், 1955 விழாவில் அவரை வைத்து ‘ஹெகுபா’ என்ற பழைய கிரேக்க நாடகத்தை மேடையேற்றியவர் இவர்.

1958 நவம்பரில் அமெரிக்காவின் டல்லாஸில், இசையமைப்பாளர் கெருபினியின் ‘மெடேயா’ ஆப்பராவை இயக்கினார். மெடேயாவாகப் பாடியவர் காலாஸ். காட்சியமைப்பும் உடையும் ஓவியர் யானிஸ் சாருகிஸ். பாடகர்களை வரிசையாக நிறுத்திக் கையை விரிக்கச் சொல்லும் வேலைக்கா இவரைக் கூப்பிட்டார்கள்? மெடேயா கிரேக்க நாடகத்திலிருந்து வந்தவள், அவளை எப்படி நடக்கவிடுவது என்று தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

ஒத்திகையில் நடந்ததை மினோட்டிஸே சொல்லியிருக்கிறார். பாதாள தேவர்களை அழைக்கும் இடத்தில் காலாஸ் திடீரென மண்டியிட்டு இரண்டு கையாலும் தரையை அறைந்தாராம். பழங்காலத்தில் அப்படித்தான் அழைத்திருப்பார்கள் என்று இவரும் பாக்சினுவும் முன்பே யோசித்து வைத்திருந்த அசைவு அது! எங்கே பிடித்தாய் என்று கேட்டால், அந்த நேரத்தில் அதுதான் சரியென்று தோன்றியது என்றாராம். காலாஸின் அப்பா அம்மா கிரேக்கர்கள் என்பதால் ரத்தம், மரபு என்று கதை கட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இசையைக் காது கொடுத்துக் கேட்டாலே கை தானாகத் தரைக்குப் போகும். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டாரே, அங்கேதான் இயக்குநர் தெரிகிறார்.

அதே தயாரிப்பு 1959இல் லண்டன் காவென்ட் கார்டன் ஆப்பரா அரங்குக்கும், 1961இல் எபிடாரஸுக்கும், பிறகு மிலானின் லா ஸ்காலா ஆப்பரா அரங்குக்கும் போனது.

கடைசிவரிசை:
எபிடாரஸில் அதற்கு முந்தைய வருஷமே, 1960 ஆகஸ்டில், காலாஸை வைத்து ‘நோர்மா’ ஆப்பரா போட்டார்கள். அதுவும் மினோட்டிஸ் இயக்கம், செராஃபின் இசை நடத்துநர். முதல் நாள் மழை கொட்டி ரத்து! 55 வரிசைக் கல் படிக்கட்டு, மேலே கூரை கிடையாதே.

மாடிப்படி:
அருமை. வீடியோ கிடைக்குமா?

பழையதட்டு:
முழு வீடியோ கிடையாது. இயக்குநர் பசோலினியின் 1969 ‘மெடேயா’ திரைப்படத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதில் காலாஸ் நடித்ததோடு சரி, பாடவே இல்லை. டல்லாஸ் மேடைப் பதிவு ஒலியாக இருக்கிறது. மெடேயாவைக் கைவிடும் கணவன் ஜேசனாக ஜான் விக்கர்ஸ். நேராக மூன்றாம் அங்கத்துக்குப் போங்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், ஒலித்தரம் சுமார்தான்.