டீயா காபியா: ரத்தத்தைச் சுண்டவைப்பது எது?

கீழக்கரைக் காக்கா: "டீ குடிக்கிறவனுக்கு ரத்தம் சுண்டிப்போகும், காபிதான் உடம்புக்கு நல்லது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரியில் படித்தாராம்?

ராம்நாடு ஃபில்டர்: எழுதியவன் நான்தான். ஓடவில்லை, இங்கேதான் இருக்கிறேன். 1983-இல் வந்த அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த டீ இரும்புச்சத்து சேர்வதை 64 சதவீதம் குறைத்தது. 64!

கீழக்கரைக் காக்கா: அதே ஆய்வில் காபி எவ்வளவு குறைத்தது? அதை மட்டும் ஏன் முழுங்கிவிட்டீர்கள்?

ராம்நாடு ஃபில்டர்: 39. இப்போது சொல்லுங்கள், 64 பெரிதா, 39 பெரிதா?

பாம்பன் வலைக்காரன்: அண்ணே, கீரை, பருப்பில் இருக்கிற இரும்பைத்தான் டீ பிடித்து வைக்கும். மீன், கறியில் இருக்கிற ஹீம் என்ற வகை இரும்பை அவ்வளவாகத் தொடாது. மூன்று வேளையும் மீன் தின்கிறவனிடம் வந்து ரத்தசோகை பேசுகிறீர்கள்.

ராம்நாடு ஃபில்டர்: தம்பி, அந்த ஆய்வில் சாப்பிடக் கொடுத்ததே கறி வைத்த ஹாம்பர்கர். படித்துவிட்டு வாருங்கள். 64.

கீழக்கரைக் காக்கா: எங்கள் ஊர் சுலைமானியில், அதுதான் பால் ஊற்றாத டீயில், எலுமிச்சை பிழிகிறோம். வைட்டமின் சி இரும்பைச் சேர்க்கும். அதற்கென்ன பதில்?

ராம்நாடு ஃபில்டர்: அது எலுமிச்சையின் பெருமை, டீயின் பெருமை இல்லை. தொதல் என்ற இனிப்பைப் பற்றிப் பேசியபோதும் தேங்காய்ப்பாலின் ருசியை உங்கள் ஊர்க் கணக்கில்தான் எழுதினீர்கள்.

கீழக்கரைக் காக்கா: தொதலை இழுக்காதீர்கள். பெருநாளைக்குக் கொடுத்ததைத் தின்றுவிட்டுக் குறை சொன்ன ஆள் நீங்கள்.

தொண்டித் துரை: காபிக்காரருக்கு ஒன்று. காகிதத்தில் வடிகட்டாத காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இறங்கும், கெட்ட கொழுப்பை ஏற்றும். உங்கள் பித்தளை ஃபில்டரில் காகிதம் எங்கே இருக்கிறது?

ராம்நாடு ஃபில்டர்: பேச்சை மாற்ற வேண்டாம். 64-க்குப் பதில் வந்ததா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமையே 2016-இல் காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, தெரியுமா?

தொண்டித் துரை: 65 டிகிரிக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்க்கு ஆபத்து இருக்கலாம் என்றும் அதே முகமைதான் அதே மூச்சில் சொன்னது. ஆவி பறக்கப் பறக்கக் குடிப்பது யார்?

ராம்நாடு ஃபில்டர்: நான் ஆற்றித்தான் குடிப்பேன். தொண்டியில் போடுகிற டீயை ஆற்றினாலும் குடிக்க முடியாது, தண்ணீரே உப்பு.

தொண்டித் துரை: உங்கள் தெருவில் என்ன தேனா ஓடுகிறது? காவிரித் தண்ணீர் வராத அன்றைக்குக் குடத்தோடு நிற்பது யாராம்?

பாம்பன் வலைக்காரன்: உப்புத்தண்ணீரைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேசக்கூடாது. தீவுக்காரன் நாங்கள் இருக்கிறோம்.

ராம்நாடு ஃபில்டர்: சரி, தீவுக்காரரே, நீங்களாவது சொல்லுங்கள். 64 பெரிதா, 39 பெரிதா?